கடைசி வரிசை அம்மா

காட்டோர விடுதி மேலாளருக்கு அந்த அம்மாளின் பிடிவாதம் புரியவில்லை.

"ஒட்டகம் ஓட்டற வண்டி வேணாம்மா. சொன்னா கேளுங்க," என்று முந்தின நாள் சாயங்காலமே எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "பையன் தங்கமானவன்தான், இல்லேங்கல. ஆனா வண்டிய உருட்டுவான். மத்த டிரைவருங்க ஒரு சுத்து முடிச்சு, சிறுத்தைய காட்டி, டீயும் குடிச்சிட்டு வந்து நிப்பாங்க. இவன் அப்பதான் மொத வளைவுல ஹாரன் அடிக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருப்பான்."

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லீங்க. அந்த வண்டியே போடுங்க," என்றாள் அவள்.

அவளைக் கடைத்தெருவில் எல்லோரும் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனும் அவளுமாகப் பள்ளிச் சீருடை தைக்கும் கடை. அவர் வெட்டுவார், இவள் தைப்பாள். பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒட்டகம் என்று மேலாளர் சொன்ன அந்த ஓட்டுநர் அவளுடைய மகன். அந்த நீளக் கழுத்துக்குக் காலர் வைத்து வைத்துக் கை பழகியவள் அவள். வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவனுக்குக் குட்டி என்றே பெயராகிவிட்டது. வாசற்படியில் தலை இடிக்கிற உயரம் வளர்ந்த பிறகும் குட்டிதான்.

அவனைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அவன் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தது அவள் மகள். யாரோ சுற்றுலா போனவர்கள் செல்போனில் யானைப் படம் போட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு பின்கழுத்து. அவ்வளவுதான். "அம்மா, இந்தக் கழுத்து உலகத்துல ரெண்டு இருக்காது," என்று மகள் போனை நீட்டினாள். தையல்காரம்மா வெகுநேரம் அந்தக் கழுத்தையே பார்த்தாள். யானை கண்ணிலேயே படவில்லை.

திட்டமும் மகளுடையதுதான். ஏற்கெனவே ஒரு தடவை, தூரத்து ஊரில் ஒரு லாரி செட்டில் அவனை உறவுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். மறுநாள் மகள் வீட்டுக்காரர் போய்ச் சேர்வதற்குள் கணக்கை முடித்துக்கொண்டு ஆள் கிளம்பியாயிற்று. "வாசல்ல போய் நின்னு குட்டின்னு கூப்பிட்டீனா வண்டிய வேற ஆள் கைல குடுத்துட்டுக் காணாம போயிடுவான். காட்டுக்குள்ள போற வரைக்கும் வாயத் தொறக்காத. காட்டுக்குள்ள யாரும் வண்டிய விட்டு எறங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஓட்டறவனுக்கும் அதே சட்டம்தான். எங்க ஓடுவான்?"

பெற்ற பிள்ளையைப் பார்க்க இப்படி ஒரு கண்ணி வைக்க வேண்டியிருக்கிறதே என்று தையல்காரம்மாவுக்கு இருந்தது. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

இன்னும் விடியவில்லை. விடுதி அறையில் விளக்கைப் போடாமலே உடுத்திக்கொண்டாள். இரவெல்லாம் அலாரம் அடித்துவிடுமோ, அடிக்காமல் போய்விடுமோ என்று புரண்டதில் தூக்கம் என்பதே இல்லை. குரங்குக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். அதன்மேல் சால்வை. கண்ணாடியில் பார்த்தபோது கண்கள் மட்டும்தான் மிச்சம் இருந்தன. அந்தக் கண்களும் ஆறு வருஷத்தில் குழி விழுந்து போயிருந்தன. பெற்றவளை அடையாளம் தெரியாமல் இருக்க இவ்வளவு மூட வேண்டியதே இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஜீப்புகள் வரிசையாக நின்றன. மேலே கூரை இல்லாத, பின்னால் படிபோல மூன்று வரிசை இருக்கை வைத்த வண்டிகள். டிரைவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டு நின்றார்கள். "டேய் ஒட்டகம், இன்னிக்காவது மூணாவது கியரப் போட்டுப் பாருடா, அதுக்கும் ஆசை இருக்கும்ல!" என்று ஒருவன் சத்தம் போட்டான். இருட்டில் நீளமாக ஓர் உருவம் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் தையல்காரம்மா சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

"கடைசி வரிசை யாருங்க? நீங்களாம்மா? வாங்க. படி உயரம், பாத்து ஏறுங்கம்மா."

ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துப் படிமேல் வெளிச்சம் காட்டிக்கொண்டே இன்னொரு கையை நீட்டினான். அவன் பார்வை படியில் இருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் விடவில்லை போலும், அவன்தான் மெதுவாக உருவிக்கொண்டு, "கம்பியப் பிடிச்சுக்கங்கம்மா," என்று கம்பியைக் காட்டினான்.

அம்மா. வயசான பெண்கள் யாராக இருந்தாலும் டிரைவர்கள் அம்மா என்றுதான் சொல்வார்கள். கடைக்கு வருகிற சின்னப் பசங்கள்கூட அவளை அம்மா என்பார்கள். அதில் என்ன இருக்கிறது? இருந்தாலும் அந்த ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். கூடவே அந்த "ங்க". ஏறுங்க, பிடிச்சுக்கங்க. பிறந்தது முதல் அவன் அவளுக்கு மரியாதை கொடுத்ததே கிடையாது. நீ, வா, போ, சோறு போடு என்று அதட்டி வளர்ந்த பிள்ளை. இப்போது இவ்வளவு மரியாதையாகப் பேசினான். அது கல் மாதிரி வந்து விழுந்தது.

முன்வரிசையில் ஒரு கேமராக்காரர். பீரங்கி போல ஒரு லென்ஸை மடியில் வைத்துக் குழந்தையை அணைப்பது மாதிரி அணைத்திருந்தார். நடுவரிசையில் கல்யாணமாகி மாதம் ஆகாத ஒரு ஜோடி, ஒரே போர்வைக்குள். கடைசி வரிசையில் இவள் தனியாக. இவ்வளவு பேர்தான்.

கேட் திறந்தது. வண்டி உள்ளே நுழைந்ததும் குளிர் வந்து முகத்தில் அறைந்தது. ஈர இலை வாசனை. தூரத்தில் என்னவோ ஒன்று இருமுவது போலக் கத்தியது. "மான் ஒண்ணு பயந்து கத்துது. சிறுத்தை கிளம்பியிருக்கலாம்," என்றான் அவன். கேமராக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தையல்காரம்மா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தடித்திருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசுகிறான். வீட்டில் இருந்தபோது ரயில் பிடிக்கிற மாதிரி பேசுவான், பாதிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

மெல்ல வெளுத்தது. மரங்களுக்கு முதலில் உருவம் வந்தது, பிறகு நிறம் வந்தது. அவனுக்கும் அப்படித்தான். முதலில் கழுத்து தெரிந்தது. பிறகு காது. உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. காக்கிச் சட்டையின் தோள் தையல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எந்தப் படுபாவி தைத்தானோ, தோளளவு தெரியாதவன்.

பேசிவிட வேண்டும். கேட் தாண்டியாயிற்று. மகள் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தாள். ஆனால் பேசினால் அவன் முகம் எப்படி மாறும் என்பது தெரியாது. மாறாத இந்த முதுகை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அடுத்த வளைவு வரட்டும். அதற்கடுத்த குளம் வரட்டும். இப்படியே தள்ளிக்கொண்டே வந்தாள்.

மான் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்தது. ஒரு மரத்தில் கழுகு ஈரச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் நிறுத்தினான், கை நீட்டிக் காட்டினான், பிறகு திரும்பி, "கடைசி வரிசை அம்மா, தெரியுதுங்களா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அவன் கண் அவள் முகத்துக்கு வராமல், அவள் கை கம்பியைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

வண்டியை நிஜமாகவே உருட்டினான். பள்ளம் வந்தால் நிறுத்தி, வண்டியை மெல்ல இறக்கி, ஏற்றினான். எதிரே எதுவுமில்லாத வளைவிலும் பிரேக்கைத் தொட்டான்.

"தம்பி, நடந்து வந்திருந்தாலே இந்நேரம் போயிருக்கலாம்," என்று கேமராக்காரர் பல்லைக் கடித்தார். "வெளிச்சம் போகுது. அந்த வண்டியெல்லாம் சிறுத்தைய பாத்திருக்கும்."

"சிறுத்தை எங்கயும் போகாதுங்க சார். நாம பத்திரமா போகணும்."

"இப்படி ஓட்டறதுக்கு உனக்கு யார் லைசென்ஸ் குடுத்தது?"

அவன் பின்கழுத்து சிவந்தது. தையல்காரம்மாவுக்கு அந்த மனுஷனை லென்ஸோடு சேர்த்துக் கீழே தள்ளலாம் போல இருந்தது.

அவன் ஏன் இப்படி ஓட்டுகிறான் என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், பள்ளி திறக்கிற வாரம் அது. வீடே நாள்கணக்கில் தூங்காமல் தைத்தது. விடிந்ததும் மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அவனும் அக்காவும் கிளம்பினார்கள். அவன்தான் ஓட்டினான். கண் ஒரு நொடி செருகியிருக்கிறது. வேன் பாலத்துச் சுவரில் போய் மோதியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் நொறுங்கிப் போயிற்று. அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாகூடத் திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் அவன் கையிலிருந்த வேன் சாவியை வாங்கிக் கடைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, வெட்டும் மேசைக்குப் போய்விட்டார். இரண்டு அறை அறைந்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே கிடந்திருப்பான். அக்கா இனி நடப்பது கடினம் என்று டாக்டர் சொன்ன அன்று அவன் போய்விட்டான்.

பாதை குறுகியது. ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் சரிவு. வளைவைத் திரும்பியதும் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். முன்னால், கல்லெறி தூரத்தில், ஒரு பெண் யானை. அதன் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுழற்றிக்கொண்டிருந்தது.

"யாரும் எந்திரிக்காதீங்க. சத்தம் கூடாது," என்று கிசுகிசுத்தான்.

எல்லோரும் சிலையாக இருந்தார்கள். கேமராக்காரர்கூட மூச்சை அடக்கிக்கொண்டுதான் படம் எடுத்தார். தாய் யானை ஒரு கிளையை ஒடித்து, காலால் மிதித்துத் தட்டி, குட்டியின் பக்கம் தள்ளியது. குட்டி அதை விட்டுவிட்டுத் தாயின் வாயில் இருப்பதைப் பிடுங்கப் பார்த்தது. தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதுப்பெண்ணின் போனில் அலாரம் அடித்தது. ஏதோ ஒரு குத்துப்பாட்டு, காடே அதிர்கிற மாதிரி. அவள் போர்வைக்குள் போனைத் தேடினாள், அவள் மாப்பிள்ளையும் தேடினான், போன் இருக்கைக்கு அடியில் விழுந்து அங்கிருந்து பாடியது.

யானை திரும்பியது. காதுகள் விரிந்தன. ஒரு பிளிறல். குட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு நேராக வண்டியை நோக்கி வந்தது.

அவன் எஞ்சினைக் கிளப்பி ரிவர்ஸ் போட்டான். ஜோடி பயத்தில் எழுந்து நின்றுவிட்டது. கேமராக்காரரும் எழுந்தார். அவனுக்குப் பின்னால் எதுவுமே தெரியவில்லை. "உக்காருங்க! தயவு செஞ்சு உக்காருங்க!" என்று கத்தினான். யார் காதிலும் விழவில்லை. கண்ணாடியில் நின்றவர்களின் வயிறும் ஒரு போர்வையும்தான். வண்டி பின்னோக்கிக் கோணலாக ஓடியது. சரிவுப் பக்கச் சக்கரம் ஓரத்துக்குப் போவதைக் கடைசி வரிசையில் இருந்தவள் ஒருத்திதான் பார்த்தாள்.

"ரைட்ல ஒடி! ஒடி, ஒடி, இன்னும் ஒடி! போதும், நேரா வா. வா, வா, வா..."

கடைக்குப் பக்கத்துச் சந்து ஒரு வேன் நுழைகிற அகலம்தான். அவன் ஓட்டப் பழகிய நாளில் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு வந்து வேனுக்குப் பின்னால் நின்று வழி சொன்னவள் அவள்தான். வேறு யார் சொன்னாலும் சுவரில் உரசிவிடுவான். அவள் "வா" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவான்.

இப்போதும் வந்தான். தலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அவள் சொன்னபடி ஸ்டியரிங் திரும்பியது. "லெஃப்ட்ல லேசா... அவ்ளோதான்... வளைவு வருது, மெதுவா ஒடி... பள்ளம் இருக்கு, தாண்டிட்ட, வா, வா... நில்லுடா!"

நின்றான்.

யானையும் நின்றது. மண்ணை வாரி ஒரு தடவை இறைத்தது. இனி இந்தப் பக்கம் வராதே என்பது போல் தலையை உதறிவிட்டு, குட்டியிடம் திரும்பிப் போயிற்று. அலாரம் அப்போதுதான் ஓய்ந்தது.

புதுப்பெண் அழ ஆரம்பித்தாள். "அடேயப்பா! என்னா ஷாட்டு!" என்றார் கேமராக்காரர். அவர் குரலும் நடுங்கித்தான் வந்தது. அவன் எஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே இருந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். முன்னால் இருந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கத்தின கத்தலில் அவளுடைய குல்லா நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. கண்ணாடிக்குள் இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

அவன் வண்டியைத் திருப்பி வேறு பாதையில் விட்டான். மானைக் காட்டவில்லை, பறவையைக் காட்டவில்லை. கடைசி வரிசை அம்மாவுக்குத் தெரிகிறதா என்று கேட்கவுமில்லை. தையல்காரம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, போயிற்று, எல்லாம் போயிற்று, கொண்டுபோய் கேட்டில் இறக்கிவிட்டு மறுபடியும் கிளம்பிவிடுவான் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

காட்டுக்கு நடுவே காவல் கோபுரம் ஒன்று இருந்தது. முள்வேலி போட்ட முற்றம். இறங்கிக் கால் நீட்ட அனுமதி இருக்கிற இடம் அது ஒன்றுதான். மற்றவர்கள் இறங்கி டீ கொடுக்கிற காவலரிடம் போனார்கள். கேமராக்காரர் யானை துரத்திய கதையை இப்போதே கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தான். பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். காலால் ஒரு உதை விட்டுப் பார்த்தான். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"குளிருதா?" என்று கேட்டான், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல."

"டீ வேணுமா?"

"வேணாம்."

நீ என்றும் சொல்லவில்லை, நீங்க என்றும் சொல்லவில்லை. எந்தப் பக்கமும் விழாமல் வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டான். அவளும் காத்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ஆறு வருஷத்தைவிட நீளமாக இருந்தது. கடைசியில் அவன் நிமிர்ந்து, கையை நீட்டினான்.

"எறங்கும்மா. படி உயரம், பாத்து."

அவள் இறங்கவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் பிடித்துக்கொண்டான். அவள் தலை அவன் சட்டைப் பையளவுக்குத்தான் வந்தது. பெட்ரோலும் மண்ணுமாக ஒரு வாசனை. அழக்கூடாது என்று மகள் சொல்லியனுப்பியது ஞாபகம் வந்தது, பிரயோஜனப்படவில்லை.

"யாரு சொன்னா நான் இங்க இருக்கேன்னு?" என்றான் கொஞ்சம் கழித்து.

"உங்க அக்காதான். போட்டோல உன் கழுத்தப் பாத்துட்டா."

அவன் சிரிக்கவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த புல்வெளியைப் பார்த்தான். ஆறு வருஷமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் ஊர் ஊராக ஓடியிருக்கிறான். அது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"அவ நடக்கறாளா?"

"நடக்கறாடா. நல்லா நடக்கறா," என்று அவசரமாகச் சொன்னாள். "ரெண்டு வருஷம் படாத பாடு பட்டா. இப்ப ஸ்கூல்ல டீச்சர். லேசா இழுத்து நடப்பா. கோவம் வந்துட்டா அந்த இழுப்பும் தெரியாது, அவ்ளோ வேகமா வருவா. கல்யாணம் ஆயிடுச்சு. ஒரு பொண்ணு இருக்கு. பொறந்தப்பவே நர்ஸ் சொன்னா, இது என்ன கொழந்தைக்கு இவ்ளோ நீளக் கழுத்துன்னு."

அவன் ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கைகளால் கண்ணை அழுத்திக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அவள் பக்கத்தில் நின்று அந்த இறங்கிப்போன தோள் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா?" என்றான் முகத்தை எடுக்காமலே.

"இருக்காரு. முன்னயே பேச மாட்டாரு, இப்ப கத்திரி சத்தம் மட்டும்தான். நான் சின்னம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." குல்லாவைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். "இது யாரோடதுன்னு தெரியுதா?"

"அப்பாவோடது."

"நான் எடுத்து வைக்கல. பைய இங்க வந்து தொறந்து பாக்கறேன், மேலயே இருக்கு. சின்னம்மா ஊர்ல வெயில் மண்டையப் பொளக்கும். அங்க போறவளுக்கு எதுக்கு குரங்குக் குல்லா? அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. சொல்லத்தான் வராது. நீயும் அவரு பிள்ளதானே."

அவன் அந்தக் குல்லாவை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

திரும்பும்போது அவளை முன்சீட்டில், பக்கத்தில் உட்கார வைத்தான். "அம்மாவுக்கு மட்டும் ஸ்பெஷலா?" என்று கேமராக்காரர் கேட்டார். "எங்க அம்மா சார்," என்றான். அவர் லென்ஸைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் வண்டி மெதுவாகப் போகிறதென்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிறுத்தை கடைசி வரை தென்படவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும் போனில் சிக்னல் வந்தது. மகளின் அழைப்பு காத்துக்கொண்டிருந்தது போல உடனே ஒலித்தது. அவள் எடுக்காமல் அவன் கையில் கொடுத்தாள். அவன் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. காதில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனான். "ம்," என்றான். "ம்... இல்ல... ம்... சரி... இல்லக்கா..." அந்தப் பக்கத்திலிருந்து குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவன் கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாக நின்றான்.

"என்னடா சொன்னா?" என்று கேட்டாள் அவன் வந்ததும்.

"திட்டினா."

"நல்லா திட்டினாளா?"

"ரொம்ப நேரம்," என்றான். வயிறு நிறையச் சாப்பிட்டவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான்.

அடுத்த சுற்றுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அவன் போய்விட்டு வந்தான். அவள் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள். மதியம் அவன் வந்ததும் சாப்பிட்டார்கள். அவன் தங்குகிற அறைக்குக் கூட்டிப்போனான். நாலு டிரைவர்கள் சேர்ந்து இருக்கிற அறை. ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஆணியில் இரண்டு சட்டை. மற்ற மூவரும் அவசர அவசரமாகத் துணிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "ஒட்டகத்துக்கு அம்மா எல்லாம் உண்டா? மொதல்லயே சொல்லியிருந்தா மரியாதையா நடத்தியிருப்போமே," என்றார்கள். அவள் ஊசி நூல் கேட்டு வாங்கி, இரண்டு சட்டையின் தோளையும் பிரித்துத் தைத்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, அவள் நூலைப் பல்லால் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வாடா," என்று அவள் கேட்டது பஸ் நிறுத்தத்தில்தான். அதுவரை கேட்கக்கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

அவன் பஸ் வருகிற திசையைப் பார்த்தான். "இப்ப முடியாதும்மா," என்றான். "இப்ப சீசன். வண்டிய விட்டுட்டு வந்தா வேலை போயிடும்." பிறகு, "அது மட்டும் இல்ல. இன்னும் கொஞ்சம் டைம் குடு. மழைக்குக் காட்ட மூடுவாங்க. அப்ப வரேன். ஒளிஞ்சிக்க மாட்டேன். நம்பர் வாங்கிட்டல்ல?"

மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. மரங்களில் இலைகூட முழுசாக உதிரவில்லை. "சரி," என்றாள். பஸ் வந்தது. அவளை ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, கண்டக்டரிடம் இரண்டு தடவை ஊரைச் சொல்லிவிட்டு இறங்கினான். பஸ் நகர்ந்தபோது அந்த நீளக் கழுத்து கூட்டத்துக்கு மேலே கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு ஒரு வளைவு வந்து மறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் சின்னம்மாவைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குல்லாவை அவன் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான் என்பதை மட்டும் சொன்னாள். அவர் "ம்" என்று சொல்லிவிட்டுத் துணியை விரித்தார்.

வேலை வழக்கம்போல ஓடியது. மகன் வாரத்துக்கு ஒரு தடவை பேசினான். பேசாத நாட்களில்தான் கஷ்டம். முன்பெல்லாம் எங்கே இருக்கிறானோ என்று ஒரே இருட்டாக இருக்கும். இப்போது அந்த அறையும் கட்டிலும் ஆணியும் தெரியும், விடியற்காலைக் குளிரில் அவன் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பதும் தெரியும். தெரிந்துவிட்டதால் ஏக்கம் குறையும் என்று நினைத்திருந்தாள். அது கூடித்தான் போயிற்று. விடிகிற நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். இந்நேரம் கேட்டைத் திறந்திருப்பார்கள், இந்நேரம் முதல் வளைவு, இந்நேரம் யாரோ ஒரு கடைசி வரிசை அம்மாவிடம் பாத்து ஏறுங்க என்று கை கொடுத்துக்கொண்டிருப்பான் என்று படுக்கையிலேயே அவனோடு போய்வருவாள்.

வெயில் காலம் வந்தது. பள்ளிக்கூடங்கள் அளவு கொடுத்தன. கடைத்தெருவில் எல்லோரும் மழை வந்தால் சரக்கு நனையுமே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கித் தூக்கி வானத்தைப் பார்த்தாள்.

ஒரு நாள் விடியற்காலை எழுந்து வந்தபோது கடைக்கதவு திறந்திருந்தது. புருஷன் வெளியே தெருவில், கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு சீக்கிரம் அவர் கடையைத் திறக்கிறவர் இல்லை. அவளைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தப் பக்கமெல்லாம் மழை எப்ப ஆரம்பிக்குமாம்?" என்று கேட்டார்.

அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள். மேற்கே, கூரைகளுக்கு மேலே, ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.